குழாயும் தொட்டியும்



ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்குப் போகும் மகள். வீட்டில் இணைய இணைப்பு உண்டு. மாதத்தில் பதினெட்டு நாள் நன்றாக ஓடியது. பத்தொன்பதாம் நாள் மகளின் பாட வீடியோ நின்று நின்று வந்தது. மறுநாள் அவளுக்குத் தேர்வு.

"கம்பியில் கோளாறு" என்றார் அப்பா. "பெரிய திட்டத்துக்கு மாறுங்க. மாசம் இருநூறு ரூபாய்தான் கூட" என்றார் கடைக்காரர். பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. "பதினெட்டு நாள் ஓடினது இன்னிக்கு மட்டும் ஏன் ஓடலை?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பதில் அம்மாவின் கைபேசியிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தி. விளம்பரம் என்று எண்ணி யாரும் படிக்கவில்லை. மகள் படித்துச் சொன்னாள்: "இந்த மாச அளவு 200 ஜி.பி. முடிஞ்சு போச்சும்மா. இனி வேகம் 2 எம்.பி.பி.எஸ். தானாம்."

வேகம் வேறு, அளவு வேறு. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வேகம் என்பது குழாயின் அகலம். அளவு என்பது தொட்டியில் உள்ள தண்ணீர். குழாயை எவ்வளவு அகலமாக மாற்றினாலும் தொட்டி நீர் கூடாது. சீக்கிரம்தான் காலியாகும்.

வேகத்தை எம்.பி.பி.எஸ். என்று எழுதுவார்கள். ஒரு நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று பொருள். அளவை ஜி.பி. என்பார்கள், அதாவது ஜிகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட்தான் வரும், 40 அல்ல. விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள்.

தொட்டி எப்படிக் காலியானது? மகள் நோட்டில் கணக்குப் போட்டாள். தொலைக்காட்சியில் இணையம் வழியாகத் தினமும் மூன்று மணி நேரம் தொடரும் படமும் ஓடுகின்றன. தெளிவு மிகுந்த எச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. வரை எடுக்கும். அப்படியானால் நாளுக்கு 9 ஜி.பி. கைபேசிகளும் பாடமும் சேர்ந்து இன்னொரு 2 ஜி.பி. நாளுக்கு 11. பதினெட்டு நாளில் 198 ஜி.பி.! பத்தொன்பதாம் நாள் காலையிலேயே தொட்டி வறண்டுவிட்டது.

பதிவிறக்கம் மட்டும்தான் கணக்கு என்று நினைக்க வேண்டாம். பல திட்டங்களில் அனுப்புவதும் சேரும். கைபேசி தானாகவே படங்களை இணையத்தில் சேமிக்கிறது, செயலிகளைப் புதுப்பிக்கிறது. வீட்டார் தூங்கும்போதும் தண்ணீர் சொட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வைஃபை கடவுச்சொல் கொடுத்திருந்தால் அதுவும் இந்தத் தொட்டியில்தான்.

முன்பு நிலைமை இன்னும் கடுமை. பி.எஸ்.என்.எல். அகன்ற அலைவரிசைச் சேவையைத் தொடங்கிய 2005-இல் திட்டங்களின் அளவு மிகச் சிறியது. தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக் காசு. இப்போது பெரும்பாலும் காசு ஏறுவதில்லை, வேகம் குறைகிறது. "அன்லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் அளவு இருக்கும். பல திட்டங்களில் அது மாதத்துக்கு 3300 ஜி.பி. நாளுக்கு 110. இது சாதாரணக் குடும்பத்துக்குத் தாராளம். ஆனால் எல்லாத் திட்டமும் அப்படி அல்ல. எத்தனை ஜி.பி., அதுவரை என்ன வேகம், அதற்குப் பின் என்ன வேகம் என்ற மூன்றையும் நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இல் உத்தரவிட்டது. கடைக்காரரிடம் இம்மூன்றையும் கேட்கலாம். கூச்சம் வேண்டாம்.

அன்று இரவு மகள் பாடத்தை வீடியோவில் பார்க்கவில்லை, புத்தகத்தில் படித்தாள். திட்டத்தை அப்பா மாற்றவில்லை. தொலைக்காட்சியின் படத் தெளிவைச் சாதாரண அளவுக்குக் குறைத்தார்கள். அது மணிக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. "முகம் தெரியுது, போதும்" என்றார் பாட்டி.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் நாள் காலை மகள் நிறுவனத்தின் செயலியைத் திறந்து பார்த்தாள். செலவானது 90 ஜி.பி. மிச்சம் 110.