பெருநகரப் பாதுகாப்பு நிதி யாரைக் காக்கிறது?

(சத்தியவேட்டில் கட்சி உறுப்பினர் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சத்தியவேடு 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். எல்லைச் சீரமைப்பின்போது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது; 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. எல்லைக்கோடு மாறினாலும் மக்களின் பிழைப்பு சென்னையோடு பிணைந்தே இருக்கிறது. ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கு இரு மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து செல்கின்றனர். சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கித் தமிழ்நாடு அரசு 2022இல் ஆணையிட்டது. அந்த வரைபடமும் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆபத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது. ஆகவே, பயங்கரவாதத் தாக்குதலை எதிர்கொள்ளப் பெருநகரங்களுக்கு ஒதுக்கப்படும் பணம் யாரைக் காக்கிறது என்ற கேள்வியை எழுப்ப இந்த ஊர் பொருத்தமான இடமே.

பயங்கரவாதம் கற்பனை ஆபத்து அல்ல. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 உயிர்கள் பறிபோயின. 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டனர். நட்சத்திர விடுதிகளின் பெயர்களே உலகெங்கும் ஒலித்தன. ஆனால், சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சாதாரணப் பயணிகள் மாண்டனர்.

அன்று முதலில் உயிர்காத்தவர்கள் யார்? ஒலிபெருக்கியில் பயணிகளுக்குத் தப்பும் வழியைச் சொல்லிக்கொண்டே இருந்த ரயில்வே அறிவிப்பாளர். காமா அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளைப் பத்திரமான அறைக்கு மாற்றிய செவிலியர். துப்பாக்கியின்றி நின்று, கொலையாளியின் துப்பாக்கிக் குழலைப் பற்றி உயிர்நீத்த உதவி சார்பு ஆய்வாளர் துக்காராம் ஓம்பலே. தில்லி அருகேயுள்ள மானேசரிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை வந்து சேர்ந்தபோது மறுநாள் காலையாகிவிட்டது.

அரசு கற்ற பாடம் என்ன? 2008 டிசம்பருக்குள்ளேயே தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் நிறைவேறியது. குற்றப்பத்திரிகை இன்றி 180 நாட்கள் வரை சிறையில் வைக்க இடமளிக்கும் வகையில் ஊபா சட்டமும் திருத்தப்பட்டது. 2009இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத் நகரங்களில் கமாண்டோ மையங்கள் திறக்கப்பட்டன. மும்பையின் கண்காணிப்புக் கேமரா வலையமைப்போ 2016இல்தான் முழுமையாக இயங்கத் தொடங்கியது. மக்களின் உரிமையைச் சுருக்கும் சட்டத்துக்கு வாரங்கள் போதும். கருவி வாங்க எட்டு ஆண்டுகள் வேண்டும்!

காவல் படைகளை நவீனமயமாக்க 2021-22 முதல் 2025-26 வரை 26,275 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. படைக்கு ஆயுதம் தேவைதான். ஆனால் குண்டு வெடித்த முதல் மணி நேரத்தில் உயிர்காப்பவை ஆம்புலன்ஸ், இரத்த வங்கி, தீயணைப்பு வண்டி, அறுவைச் சிகிச்சைக் கூடம் ஆகியவையே. இவற்றைத் தனியாரிடமும் ஒப்பந்தக் கூலியிடமும் தள்ளிவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது ஏமாற்று.

அமெரிக்க அனுபவத்திலும் இதன் இரு பக்கங்களும் தெரிகின்றன. 2003இல் அந்நாடு பெருநகரங்களுக்கெனத் தனிப் பாதுகாப்பு மானியம் தொடங்கியது. பாஸ்டன் நகரில் மருத்துவமனைகளும் மீட்புப் பணியாளர்களும் கூட்டு ஒத்திகை நடத்தியிருந்தனர். 2013 ஏப்ரல் 15 அன்று மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்து மூவர் அதே இடத்தில் மடிந்தனர். மருத்துவமனைக்கு உயிரோடு கொண்டுவரப்பட்ட காயமுற்றோர் அனைவரும் பிழைத்தனர். அதே நாட்டில் கீன் என்ற சிறுநகரம், பூசணிக்காய்த் திருவிழாவைக் காரணம் காட்டி, பாதுகாப்பு மானியத்தில் கவச வாகனம் கோரியது. ஒருபுறம் உயிர்காக்கும் பயிற்சி. மறுபுறம் ஆயுத வியாபாரிக்கு வருமானம்.

ஆந்திரத் தொழிலாளிக்கு இந்தப் பாடம் தொலைவில் இல்லை. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் நச்சுவாயு கசிந்து 12 பேர் இறந்தனர். அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 21 அன்று அச்சுதாபுரம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் மருந்து ஆலை வெடிவிபத்து 17 உயிர்களைக் கொண்டுபோனது. இவை பயங்கரவாதச் செயல்கள் அல்ல. ஆனால் அடிபட்டவருக்குத் தேவைப்படும் மருத்துவர், இரத்தம், ஆம்புலன்ஸ் எல்லாம் ஒன்றேதான். குண்டுவெடிப்புக்குத் தயாரான அரசு மருத்துவமனை ஆலை விபத்துக்கும் தயாராகவே இருக்கும்.

ஆகவே முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. பாதுகாப்பு நிதியில் அரசு மருத்துவமனைகளுக்கும் தீயணைப்புத் துறைக்கும் உறுதியான பங்கு வேண்டும். இரு மாநிலங்களின் 108 சேவைகளும் எல்லை பாராமல் செயல்பட முன்கூட்டிய உடன்பாடு வேண்டும். ஒவ்வோர் ஆலையிலும் ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவரும் பங்கேற்கும் ஒத்திகை நடக்க வேண்டும். செலவுக் கணக்கு சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இந்த நிதியில் வாங்கப்படும் கேமராக்கள் தொழிற்சங்கத்தை வேவு பார்க்கப் பயன்படக் கூடாது.

அடுத்த ஆபத்து எந்த வடிவில் வந்தாலும் முதலில் அதன் முன் நிற்கப்போவது தொழிலாளியே. அவரைக் காக்காத செலவுக்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்ட முடியாது.