கொழுந்தை நிறுக்கிறார்கள், இரத்தத்தை யார் அளப்பது?

(தோட்ட மாதர் குழுக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு விறகு பொறுக்கவும் துணி துவைக்கவும் கிடைக்கிற ஒரே நாள். அதில் ஒரு மணித்தியாலத்தை இங்கே தந்திருக்கிறீர்கள். "சுகாதாரத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் டீச்சர்" என்று தலைவர் சொன்னார். நான் இரத்தத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அதற்கு முதல் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் தரம் 9 இல் ஒரு பிள்ளை முதலாம் பாடத்திலேயே மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடுவாள். இரண்டு தடவை ஏசினேன். மூன்றாம் தடவை எழுப்பி நிற்க வைத்தேன். நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. அவளுக்கு 12 ஆவது இருந்திருக்க வேண்டும். தாயையும் சோதிக்கச் சொன்னார் டாக்டர். தாய்க்கு 9. அந்த அம்மா கிலோ குறைந்து அடிக்கடி அரைப்பேர் வாங்கியவர். மலையில் அவருக்குச் சோம்பேறி என்று பெயர். வகுப்பில் அவருடைய மகளுக்கு நான் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. இரண்டு பேரும் சோம்பேறிகள் அல்ல. இரண்டு பேருக்கும் இரத்தம் காணாது, அவ்வளவுதான்.

இரத்தம் காணாது என்றால் உடம்பில் என்ன நடக்கிறது? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

எல்லோரும் ஒரு கையை மூடிப் பிடியுங்கள். உங்கள் இருதயம் ஏறக்குறைய அந்த அளவுதான். நெஞ்சுக்கூட்டின் நடுவில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து இருக்கிறது. அது ஒரு பம்ப். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு எழுபது தடவை அளவில் அடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் தடவை. அதற்கு ஞாயிறும் இல்லை, போயாவும் இல்லை.

உண்மையில் அது ஒன்றாக ஒட்டிய இரண்டு பம்புகள். வலப்பக்கத்துப் பம்ப் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே இரத்தம் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு இடப்பக்கத்துக்கு வருகிறது. இடப்பக்கத்துப் பம்ப் அதைத் தலை முதல் கால்விரல் வரை அனுப்புகிறது. போகும் குழாய் நாடி, திரும்பி வரும் குழாய் நாளம். இரண்டுக்கும் நடுவில் தலைமயிரை விடவும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. மலையில் ஒற்றையடிப் பாதையில் நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போவதைப் போல, இரத்தத்தில் உள்ள செங்கலங்கள் அவற்றில் வரிசையாகப் போகின்றன. ஒட்சிசன் தசைக்குள் இறங்குவது அந்த இடத்தில்தான். தசையில் சேர்ந்த கரியமில வாயுவை இரத்தம் அங்கிருந்து திருப்பி எடுத்துக்கொண்டு வருகிறது.

இரத்தம் இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்பதை இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி என்ற வைத்தியர் 1628 இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அதுவரைக்கும், சாப்பாட்டிலிருந்து ஈரல் புதிது புதிதாக இரத்தம் செய்கிறது, உடம்பு அதை உறிஞ்சிக்கொள்கிறது என்றுதான் அங்கே படிப்பித்தார்கள். ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். ஒரு அடிக்கு இவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்றால், அரை மணித்தியாலத்தில் உடம்பிலுள்ள முழு இரத்தத்தையும் விடக் கூடுதலாகப் போயிருக்க வேண்டுமே, அவ்வளவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். போன இரத்தமேதான் திரும்பி வருகிறது! நிறுவைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இது உடனே விளங்கும்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. ஒரு கையை மேலே தூக்குங்கள், மற்றக் கையைக் கீழே தொங்கவிடுங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். சரி, இரண்டு கையின் புறத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூக்கிய கை வெளிறி, நரம்பு அமுங்கியிருக்கிறது. தொங்கிய கையில் புடைத்திருக்கிறது. நாங்கள் நரம்பு என்று சொல்லும் அந்த நீலக் குழாய்கள்தான் நாளங்கள். காலிலிருந்து இரத்தம் மேலே ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று இதில் தெரிகிறது. கால் நாளங்களுக்குள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை நாளத்தை நெரித்து இரத்தத்தை மேலே தள்ளும். கதவு அதைக் கீழே விடாது. நடக்காமல் ஒரே இடத்தில் நின்றால் இந்த வேலை நடக்காது. நிறுவை வரிசையில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இரவில் காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுங்கள். கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் உள்ளவர்களுக்கு இது உதவும்.

இனி இரத்தத்துக்குள் போவோம். ஒரு சொட்டு இரத்தத்தில் இருபது கோடிக்கும் மேல் செங்கலங்கள் இருக்கின்றன. அவைதான் ஒட்சிசன் சுமக்கும் தொழிலாளர்கள். அவற்றின் கூடைதான் ஹீமோகுளோபின். அந்தக் கூடையை இரும்பு இல்லாமல் பின்ன முடியாது. ஒரு செங்கலம் 120 நாள் அளவில் வேலை செய்துவிட்டு அழியும். உடம்பு அதிலுள்ள இரும்பை எடுத்துப் புதிய செங்கலத்துக்குக் கொடுக்கும். இரும்பு விஷயத்தில் உடம்பு அவ்வளவு சிக்கனம். இரத்தம் வெளியே போனால் மட்டும் அந்த இரும்பும் சேர்ந்து போய்விடும்.

மாதவிலக்கில் ஒவ்வொரு மாதமும் போகிறது. ஒரு பிள்ளையைச் சுமந்து பெறுவதற்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்தோ ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு மில்லிகிராம் சேர்ந்தாலே பெரிய காரியம். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற தாய் ஏன் வெளிறிப்போகிறாள் என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

மலையில் பத்துப் பேர் பறிக்க வேண்டிய நிரைக்கு ஆறு பேர் மட்டும் வந்தால் என்ன நடக்கும்? அந்த ஆறு பேரும் ஓடியோடிப் பறிக்க வேண்டும். இரத்தம் குறைந்த உடம்பிலும் அதுதான் நடக்கிறது. இருக்கிற கொஞ்சக் கூடையை வைத்துக்கொண்டு இருதயம் வேகமாக அடிக்கிறது. சாய்வான மலையில் பாரத்தோடு ஏறும்போது தசைகள் சாதாரண நேரத்தை விடப் பல மடங்கு ஒட்சிசன் கேட்கும். கொடுக்க முடியாதபோது நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கால் கனக்கும், கண் இருட்டும். அதற்குமேல் எங்கள் மலைப்பக்கக் காற்றிலேயே ஒட்சிசன் குறைவு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இவ்வளவு உயரத்தில் வாழ்பவர்களுக்குக் கீழ்நாட்டில் வாழ்பவர்களை விடச் சற்றுக் கூடுதலாகவே ஹீமோகுளோபின் வேண்டும்.

அட்டை கடித்துக் கடித்துத்தான் இரத்தம் குறைகிறது என்று சிலர் சொல்வீர்கள். அட்டை உறையவிடாத ஒரு பொருளை விட்டுக் கடிப்பதால் நிறைய நேரம் கசியும். அதனால் கூடுதலாகப் போவதாகத் தெரிகிறது. ஆனால் இரத்தச் சோகை வருமளவுக்கு அது குடிப்பதில்லை. குடலில் இருக்கும் கொக்கிப்புழுவுக்குத்தான் பயப்பட வேண்டும். அது வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே வந்து, குடலைக் கடித்துக்கொண்டு நாள் தவறாமல் குடிக்கும். நூறு புழு இருந்தால் ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் இரத்தம் போகலாம். 1916 இல் அமெரிக்க ரொக்பெல்லர் மன்றம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது தோட்டங்களில்தான் தொடங்கியது. மலசலகூடம் இல்லாத லயங்களும் செருப்பில்லாத கால்களும் அப்படி இருந்தன. இன்று புழு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் மலையில் வேலை செய்யும் பெண்களுக்கு மலசலகூடம் இல்லாத தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. மண்ணில் அசுத்தம் சேரும்வரை புழுவுக்கு வழி திறந்தே இருக்கும்.

அடுத்தது தேத்தண்ணி. கோபிக்க வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் மாவிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே கட்டிப்போடுகிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்பில் உடம்பில் சேருவது பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். பால் போட்டாலும் அதேதான். "ரொட்டி தொண்டையில் இறங்க வேண்டாமா டீச்சர்?" என்று ஒரு அக்கா கேட்கிறார். நியாயம். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். விடிய எழும்பியதும் வெறும் தேத்தண்ணி குடியுங்கள். ரொட்டியைப் பெரட்டுக்குப் போகும் முதல் சம்பலோடும் சுடுதண்ணியோடும் சாப்பிடுங்கள். தேத்தண்ணி இடைவேளைக்குத் தேத்தண்ணி மட்டும். பகல் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். சம்பலிலும் கீரையிலும் தேசிக்காய்ப் புளி விடுங்கள். புளிப்பில் உள்ள விற்றமின் சி இரும்பைச் சேர்த்துக்கொடுக்கும். கொய்யாப்பழமும் அப்படித்தான். நெத்தலிக் கருவாடு, ஈரல், இறைச்சியில் உள்ள இரும்பு இலகுவாகச் சேரும். தினமும் வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். பருப்புக்குள் ஒரு கைப்பிடி நெத்தலி போட்டாலும் அது பிரயோசனம்தான்.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புக் குளிசை இலவசமாகக் கொடுக்கிறார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று கூரையில் சொருகி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மலம் கறுப்பது குளிசையால்தான், பயமில்லை. வயிறு பிரட்டினால் இரவில் படுக்கும் முன் போடுங்கள், மருத்துவமாதுவிடமும் சொல்லுங்கள். தேத்தண்ணியோடு போட வேண்டாம். கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் போடுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளை மிட்டாய் என்று நினைத்துப் பல குளிசைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, எல்லா இரத்தக் குறைவும் இரும்புக் குறைவு அல்ல. பரம்பரையாக வரும் தலசீமியாவும் இருக்கிறது. அதனால் சோதிக்காமல் நீங்களாகக் குளிசை வாங்கிப் போட வேண்டாம்.

யார் சோதிக்க வேண்டும்? மலை ஏறும்போது முன்னில்லாமல் மூச்சு வாங்குபவர்கள், அடிக்கடி தலைசுற்றுபவர்கள், மாதவிலக்கு அதிகமாகப் போகிறவர்கள், பச்சரிசியோ மண்ணோ தின்ன ஆசை வருகிறவர்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே வெளிறியிருந்தால் தாமதிக்க வேண்டாம். ஆனால் சிவப்பாகத் தெரிந்தாலும் சோதித்தால்தான் நிச்சயம். பின்னால் நிற்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு 13 இருக்க வேண்டும். குளிசை போடாமலேயே மலம் தாரைப் போலக் கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது.

இதுவரை சொன்னது நாங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. வீட்டில் மட்டும் செய்து இது தீராது. தேசிக்காய் பிழிவதால் மலசலகூடம் வந்துவிடாது. நெத்தலி வாங்குவதற்குச் சம்பளம் காண வேண்டும். அதனால் சங்கத்தின் மூலம் நிர்வாகத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஒன்று, மலையில் வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வருடத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை. விரலில் ஒரு குத்து, சில நிமிட வேலை. இதைத் தோட்டத்திலேயே நடத்த ஏற்பாடு செய்யும்படி சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கடிதம் கொடுப்போம்.

இரண்டு, கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் வெட்டக்கூடாது. பேர் போய்விடும் என்ற பயத்தில் கிளினிக்கைத் தவறவிட்ட தாய்மார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

மூன்று, மலையில் மலசலகூடமும் கை கழுவத் தண்ணீரும் சுத்தமான குடிநீரும்.

நான்கு, இரத்தம் குறைவு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால், அது தேறும்வரை கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் போடக்கூடாது.

எங்கள் கொழுந்தை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கிறார்கள். ஈரத்துக்கும் கழிக்கிறார்கள், சாக்குக்கும் கழிக்கிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறிக்கிறவளின் இரத்தத்தை ஒரு தடவையாவது அளக்கச் சொல்வது பெரிய கேள்வி இல்லை.

நான் முதலில் சொன்ன பிள்ளையை மறந்துவிடவில்லை. அவளும் தாயும் டாக்டர் சொன்னபடி மாதக்கணக்கில் குளிசை போட்டார்கள். இருவருக்கும் இப்போது 12 ஐத் தாண்டிவிட்டது. தாய் நிரையில் பின்தங்குவதில்லை. மகள் முதலாம் பாடத்தில் தூங்குவதில்லை. கடைசிப் பாடத்தில் மட்டும் கண் சொருகுகிறது. அது என்னுடைய கணிதப் பாடம். அதற்கு இரத்தம் காரணமில்லை, நான்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்களில் எத்தனை பேருக்குத் தங்கள் ஹீமோகுளோபின் எத்தனை என்று சொல்ல முடியும் என்று கேட்பேன். போன சம்பளத்தில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். இந்த இலக்கத்தையும் அப்படித் தெரிந்துகொண்டு வாருங்கள். எழுதி வைக்க ஒரு கொப்பியை இன்று மாதர் குழுத் தலைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். முதல் பக்கத்தில் என்னுடைய இலக்கத்தை எழுதியிருக்கிறேன். 11.4. நானும் இனிச் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கப்போவதில்லை.