எல்லைக்கோடும் மக்கள் பிரதிநிதியும்



மக்கள் நேரில் முடிவு செய்வதா, அன்றித் தாம் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் வாயிலாகச் செய்வதா? புதிதாக அமையும் ஒவ்வொரு குடியரசும் விடை காண வேண்டிய வினா இது. இந்திய அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26-இல் ஏற்ற அரசியல் சட்டம் பிரதிநிதித்துவ முறையையே தேர்ந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்த அச்சட்டம், பொது வாக்கெடுப்புக்கு வழி வகுக்கவில்லை. மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரமும் 3-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்திடமே விடப்பட்டது.

இத்தேர்வின் விளைவைப் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற மக்கள் நன்கறிவர். தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்குமாறு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது அவ்விரண்டும் கேரளத்திலேயே நீடித்தன. சென்னை மாநிலத்திலிருந்த பாலக்காடு கேரளத்துடன் இணைந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. எங்கும் பொது வாக்கெடுப்பு நடைபெறவில்லை.

மக்களையே கேட்டிருக்கலாம் என்னும் மனக்குறை இயல்பானதே. 1947 ஜூலையில் சில்ஹெட் மாவட்டத்தில் அவ்வாறு கேட்கப்பட்டதும் உண்டு. ஆயினும் வாக்கெடுப்பு இரண்டில் ஒன்றை மட்டுமே சொல்லும். தோற்ற தரப்பினருக்கு என்ன பாதுகாப்பு என்பதைச் சொல்லாது. கோட்டை எங்கே வரைந்தாலும் ஒரு மொழியினர் சிறுபான்மையினராகவே நேரும். அவர்களுக்கான காப்பு விவாதத்தில்தான் உருப்பெறும். மாநிலச் சீரமைப்பு ஆணையம் அக்காப்புகளை வலியுறுத்தியது; நாடாளுமன்றம் 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் 350-அ, 350-ஆ பிரிவுகளைச் சேர்த்தது. மூணாற்றிலும் சித்தூரிலும் தமிழ்க் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கோருவதற்கு இவையே ஆதாரம்.

எனினும், தேர்ந்தெடுத்தவர் கேள்வி கேளாவிடில் பிரதிநிதித்துவம் வெற்றுச் சடங்காகிவிடும். இதனை உணர்ந்தே, கே. சந்தானம் 1948 நவம்பரில் கொணர்ந்த திருத்தத்தின்படி கிராமப் பஞ்சாயத்து அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத் தகுதி அளித்தது. கேரளத்தின் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி வார்டுதோறும் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். மலைவாழ் முதுவர் மக்களின் இடமலைக்குடி 2010-இல் தனிப் பஞ்சாயத்தாயிற்று.

ஆசிரியர் பணியிடத்துக்கு ஒப்புதல் அளிப்பது அரசு. அதற்காகச் சட்டமன்றத்தில் வாதாடுவது பிரதிநிதி. பள்ளியில் ஆசிரியர் இல்லை என்று எழுந்து சொல்ல வேண்டியவர் கிராம சபையில் அமர்ந்திருக்கும் பெற்றோர். அந்த இருக்கை காலியாக இருத்தலாகாது.