எடையறிந்து கட்டும் கூடு

வட அமெரிக்காவில் பண்ணை வேலைக்கும் அன்றாடப் பயணத்துக்கும் ஒருங்கே பயன்படும் வண்டி, பின்புறம் திறந்த சுமைத்தளம் கொண்ட பிக்கப் டிரக் ஆகும். அச்சுமைத்தளத்தில் ஏற்றவும் வேண்டாதபோது இறக்கி வைக்கவும் ஏற்றவாறு, படுக்கையும் அடுப்பும் அலமாரியும் அடங்கக் கட்டப்படும் சிறு வாழ்விடம் டிரக் கேம்பர் எனப்படுகிறது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் தம் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவந்த ‘ரோசினான்டே’ இவ்வகையினது. ஆனால் அது ஒரு நிறுவனம் செய்து கொடுத்தது. இவ்வுரை மதிப்பிட முனைவது, மரக்கடையில் வாங்கிய சட்டங்களையும் பிளைவுட் பலகைகளையும் கொண்டு, தச்சுத் தொழிலைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்களும் தம் வீட்டு வளாகத்திலேயே கேம்பரை அடியிலிருந்து கட்டிக்கொள்ளும் கலையை.

இக்கலையின் முதல் இலக்கணம் எடை. ஒவ்வொரு வண்டிக்கும், ஆட்களையும் பொருள்களையும் சேர்த்து அது தாங்கத்தக்க சுமையின் உச்ச அளவைத் தயாரிப்பாளர் வரையறுத்து, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டில் குறிப்பிடுகிறார். ‘அரை டன்’ வகை என வழங்கும் வண்டிகள் பலவற்றில் இவ்வளவு 600 முதல் 900 கிலோ வரை அமைகிறது. இருவர் ஏறி, 80 லிட்டர் தண்ணீரும் நிரப்பினால் அதில் ஏறத்தாழ 230 கிலோ கழிந்துவிடும். 4 அடிக்கு 8 அடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 30 கிலோ அளவில் இருக்க, 6 மில்லிமீட்டர் பலகை அதில் மூன்றில் ஒரு பங்கே இருப்பதால், தேர்ந்த கைகள் மெல்லிய பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு இறுக்கி, தடிமனால் பெறவேண்டிய உறுதியைப் பிணைப்பால் பெறுகின்றன. வீடு கட்டும் பழக்கத்தில் பருத்த மரங்களை அடுக்கிவிடுவதே இக்கலையில் மிகப் பரவலான குறை.

எடையின் அளவோடு அது அமரும் இடமும் கருதத்தக்கது. கேம்பரின் ஈர்ப்பு மையம், அதாவது அதன் முழு எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழவேண்டும். பின்னால் விழுமாயின் முன்சக்கரங்களின்மீது அழுத்தம் குறைந்து, வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் கெடும். ஆகவே தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் தாழ்வாகவும் முன்பக்கமாகவும் வைக்கப்படுகின்றன. பெரிய பிக்கப் வண்டிகளில் இரு சக்கர மூடிகளுக்கும் இடையே 4 அடிப் பலகை படியும் அளவுக்கே இடைவெளி உள்ளதால், கேம்பர் அடியில் ஒடுங்கி, வண்டியின் பக்கச் சுவர்களுக்கு மேல் விரிந்து, படுக்கைக்காக ஓட்டுநர் அறையின் கூரைமேலும் நீள்கிறது. அதன் தனித்த வடிவம் இந்தக் கட்டாயத்தால் விளைந்தது.

இரண்டாவது சோதனை நீர். டிரக்கின் அடிச்சட்டம் மேடுபள்ளங்களில் முறுக்கிக்கொள்வதால் கேம்பரின் மூலைகள் ஓயாது அசைகின்றன. அங்கே விறைத்துப்போகும் பூச்சு வெடிக்கும், வெடித்த இடத்தில் மழைநீர் புகும், மரம் மறைவாகவே உளுத்துப்போகும். எனவே மேற்பலகை கீழ்ப்பலகையின்மேல் கவிந்திருக்க வேண்டும். சன்னல் விளிம்புகளின் அடியில், காய்ந்து விறைக்காத பியூட்டைல் ஒட்டுப்பட்டை வைக்கப்பட வேண்டும். கூரைக்குச் சிறிதேனும் சரிவு வேண்டும். சிலர் மரச்சட்டத்தையே பெரிதும் தவிர்த்து, தெர்மாகோலைவிட இறுக்கமான நுரைப்பலகைகளை ஒட்டி, அவற்றின்மேல் பசையில் நனைத்த கித்தானைப் போர்த்தி வண்ணம் பூசுகின்றனர். எடையையும் குளிரையும் ஒருசேர வெல்லும் இம்முறை பாராட்டுக்குரியது. ஆயினும் வண்டியோடு பிணைக்கும் கொக்கிகள் பொருந்தும் இடங்களில் மரத்தைப் பதிக்காவிடில் நுரை பிய்ந்துவிடும்.

நீர் உள்ளிருந்தும் பிறக்கிறது. உறங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் ஓரிரவில் அரை லிட்டர் அளவு ஈரத்தை வெளியிட, அது குளிர்ந்த சுவர்களில் துளிர்ப்பதால், கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி அமைப்பது இன்றியமையாதது. அடுப்புக்குரிய புரொப்பேன் வாயு காற்றைவிடக் கனமாதலால், அதன் உருளைக்கு உட்புறம் அடைத்த தனி அறையும், அவ்வறையின் தரைமட்டத்தில் வெளிநோக்கிய துளையும் தேவை. மணமற்ற நச்சான கார்பன் மோனாக்சைடைக் காட்டித்தரும் எச்சரிக்கைக் கருவியும் விலக்கத்தக்கதன்று.

தொழிற்சாலைக் கேம்பரின் வழவழப்பு வீட்டிலேயே கட்டிய கேம்பருக்கு வாய்ப்பதில்லை. ஆனால் எந்த ஆணி எங்கே இறங்கியுள்ளது, எந்தக் கம்பி எவ்வழி ஓடுகிறது என்பதை அறிந்தவரே அதில் பயணம் செய்வதால், பழுது நேர்ந்த இடத்திலேயே அதைச் சரிசெய்யும் ஆற்றல் அவர் கையில் இருக்கிறது; இந்த அறிவே இக்கலையின் மெய்யான ஆதாயம். ஆகவே இத்தகைய ஒன்றை மதிப்பிடுவோர் உள்ளலங்காரத்தை நோக்குமுன், முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே தாங்கும் எடையைக் கேட்டறிவது முறையாகும். எடைமேடையில் ஏறாத கேம்பர், எவ்வளவு அழகாக இழைத்திருப்பினும், முடிவுற்ற வேலையாகாது.