கணிப்பொறி நம்மை உள்ளே விட மறுத்தால்



நேற்று இரவு வரை நம்மை இன்னார் என்று அறிந்து வரவேற்ற கணிப்பொறி, மறுநாள் காலையில் அன்னியரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. இடையில் நடந்தது ஒன்றே. அதன் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டது. கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் ஓடும் நிரல்களையும் ஆண்டு நடத்தும் அடிப்படை நிரலே இயங்குதளம். அதன் குறைகளைக் களைந்து அவ்வப்போது அனுப்பப்படும் திருத்தமே புதுப்பிப்பு.

இந்தக் கலை எங்கோ கடல் கடந்து மட்டும் வளர்வது என்று எண்ணிவிட வேண்டாம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. அங்கே, 1949-இல் தோன்றிய எம்.ஐ.டி. வளாகத்தில், கட்டற்ற மென்பொருளுக்கென ஓர் ஆய்வுப் பணி சி-டாக் நிறுவனத்தாருடன் சேர்ந்து நடைபெற்றது. அம்முயற்சியை ஒட்டி 2007-இல் வெளிவந்ததே பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயங்குதளம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இதுவும் இடம்பெற்றது.

கணக்கு தவறிய மாணவனின் தாளில் உடனே சுழி போட்டுவிடாதே, எந்தப் படியில் தவறினான் என்று முதலில் பார் என்று எனக்கு ஆசிரியப் பயிற்சியில் கற்பித்தார்கள். கணிப்பொறிக்கும் அதே முறைதான். வாயிற்காவலன் நம்மைத் தடுக்கிறானா, அல்லது அவன் அனுமதித்த பின்னும் வீட்டுக்குள்ளே நிற்க இடமில்லையா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கடவுச்சொல் தவறு என்று திரையில் எழுத்துத் தோன்றினால், தடுப்பவன் காவலன். புதுப்பிப்பின்போது விசைப்பலகையின் அமைப்பு மாறியிருக்கக் கூடும். ஆங்கில எச் விசை, 1999-இல் ஏற்கப்பட்ட தமிழ்99 அமைப்பில் 'க' ஆகிவிடும். ஜே, 'ப' ஆகிவிடும். கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் நமக்கு இது புலப்படாது. அருகில் எவரும் இல்லாதபோது, பெயர் எழுதும் கட்டத்தில் அதே விசைகளை அழுத்திப் பாருங்கள். உண்மை வெளிப்படும். பிறகு மறவாமல் அழித்துவிடுங்கள்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முறையாக அமைந்த இயங்குதளம் கடவுச்சொல்லை எழுத்துக்கு எழுத்து சேமித்து வைப்பதில்லை. ஒரு கணித முறையால் அதை அரைத்து, அந்த மாவை மட்டுமே வைத்துக்கொள்கிறது. நாம் ஒவ்வொரு முறை எழுதுவதையும் அவ்வாறே அரைத்து, இரு மாவும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. மாவை மீண்டும் அரிசியாக்க முடியாதல்லவா? ஆகவே, உங்கள் பழைய கடவுச்சொல்லைக் கணிப்பொறியிலிருந்து படித்துச் சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். புதிய சொல்லை அமைத்துத் தருவது வேறு, அது இயலும்.

இரண்டாவது வகை சற்று விசித்திரமானது. கடவுச்சொல்லை ஏற்கிறது, திரை ஒரு கணம் இருள்கிறது, மீண்டும் கடவுச்சொல்லையே கேட்கிறது. சேலையூரில் எங்கள் தெருவில் வசிக்கும் பாலிடெக்னிக் மாணவன் ஒருவனுக்கு இப்படி நேர்ந்தது. அக்காள் படித்த காலத்தில் பெற்ற அரசு மடிக்கணினி அது. இறுதியாண்டுச் செயல்திட்ட அறிக்கை முழுவதும் அதற்குள். வேறு படி இல்லை. ஒப்படைக்க நான்கு நாள். கடையில் காட்டினான். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடலாம், தம்பி, ஒரு மணி நேர வேலை" என்றார்களாம். "செய்யலாமா, சார்?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

வேண்டாம் என்றேன். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினோம். படங்களற்ற, வெறும் எழுத்துத் திரை வந்தது. அங்கே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் உள்ளே விட்டது! ஆக, காவலன் குற்றமற்றவன். வட்டில் எவ்வளவு இடமிருக்கிறது என்று வினவும் கட்டளையை இட்டோம். நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. புதுப்பிப்புக்கென இறக்கிய பொதிகள் வேலை முடிந்தும் அங்கேயே குவிந்து கிடந்தன. திரையை விரிக்கச் சிறு கோப்புகள் சிலவற்றை எழுத வேண்டும்; அதற்கு இடமில்லை. பொதிகளை அப்புறப்படுத்தி மறுபடி தொடங்கினோம். அறிக்கை ஓரெழுத்தும் குறையாமல் இருந்தது. அதை அவன் முதலில் ஒரு பென்டிரைவில் படியெடுத்துக்கொண்டான்.

பெரிய இடங்களிலும் நோய் இத்தகையதே. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நமக்கு அண்மையிலுள்ள மீனம்பாக்கத்திலும் விமானங்கள் தாமதமாயின. நம் நாட்டில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டே கிடைத்தது. பரிகாரம் யாது? எதையும் முழுதாக அழிக்கவில்லை. கணிப்பொறியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, பழுதான ஒரு கோப்பை மட்டும் நீக்கினார்கள். ஆனால் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்த இடங்களில், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கையில் வைத்திராதவர்கள் திண்டாடினர்.

உங்கள் கணிப்பொறியிலும் அந்தப் பூட்டு இருக்கக் கூடும். எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, சான்றிதழ்கள் உள்ள உறையில் வையுங்கள். அதைக் கவனமாக அதே மடிக்கணினிக்குள் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்த கல்லூரி மாணவர் ஒருவரையும் நான் அறிவேன்.