அளந்த கணக்கு ஊருக்கும் உரியது
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழைமானியில் உள்ள நீர் அளக்கப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டமும் குறிக்கப்படுகிறது. இவை யாவும் மக்களின் வரிப்பணத்தால் நடைபெறுவன. ஆயினும், தம் ஊருக்கு அருகில் உள்ள மழைமானி எங்கே நிற்கிறது என்பதை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் விழுந்ததாகப் பொருள். “இவ்வாண்டு மழை குறைவு, நிவாரணம் வேண்டும்” என்று மனு எழுதுகிறோம். எதனோடு ஒப்பிடக் குறைவு? இந்திய வானிலை ஆய்வுத்துறை 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டே பருவமழையை மதிப்பிடுகிறது. பழைய ஏடுகள் இல்லையேல் அச்சராசரியும் இல்லை. இடிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். சென்ற ஆண்டு பெய்த மழையை இன்று அளத்தல் இயலாது.

“எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, எழுதி வைப்பானேன்?” என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். இன்று இருக்கும் பக்கம் நாளை மாற்றப்படலாம், எடுக்கப்படவும் படலாம். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.

கணக்கைக் கேட்டுப் பெறுவதற்குச் சட்டம் துணை நிற்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவின்படி, அலுவலகங்கள் ஆவணங்களை ஒழுங்குபடுத்தி வைத்து, கேட்குமுன்னரே வெளியிடக் கடமைப்பட்டவை. வெளியிடாதவற்றை 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்து கேட்கலாம்; பொதுவாக 30 நாளில் பதில் வரவேண்டும். “உங்களுக்கு இது எதற்கு?” என்று அலுவலர் வினவினால் காரணம் கூறவேண்டியதில்லை. அலுவலனாகிய நானே இதைச் சொல்லுகிறேன்!

பெரிய தொழிற்சாலை அல்லது சுரங்கம் வருமாயின், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. ஆய்வறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். கூட்டத்தன்று வந்து கூச்சலிடுவதினும், அதனை முன்னரே வாசித்து, நம் ஏரியும் கிணறும் அதில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பக்கம் சுட்டிக் கேட்பதே பயன் தரும். அப்போது நம் நோட்டுப் புத்தகமும் கையில் இருத்தல் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் கணக்கு டிசம்பரோடு முடிகிறது. ஜனவரி 26 அன்று கூடும் கிராமசபையில் அம்மூன்று மாத அளவையும், கிணறுகளின் நீர்மட்டத்தையும் உரக்க வாசித்து, அறிவிப்புப் பலகையிலும் எழுதிவிடுங்கள்.