கரப்பும் சுங்கானும்



காரைநகரிலே பிறந்தவர்களுக்கு மீன் என்றால் கடல்மீன்தான். எங்கள் தீவில் ஆறில்லை. மாரியில் நிறையும் குளங்களும் கோடையில் வெடித்துக் கிடக்கும். ஆதலால், இளமையில் மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமம் ஒன்றிற்கு ஆசிரியனாய்ச் சென்றபொழுது, குளத்து மீனும் அதனைப் பிடிக்குங் கருவியும் எனக்குப் புதுமையாயிருந்தன.

அக்கருவியின் பெயர் கரப்பு. அஃது இருபுறமும் திறந்த கூம்பு வடிவான கூடை. முனை கூராகச் சீவிய மெல்லிய கம்புகளை வட்டமாக நிறுத்தி, பிரம்பாலோ காட்டுக்கொடியாலோ வளையமிட்டு வரிந்து கட்டுவர். அடிப்புறம் அகன்றிருக்கும், மேல்வாய் கை நுழையுமளவிற்கு ஒடுங்கியிருக்கும். முழங்காலளவு நீரில் நடந்து, சேறு கலங்குமிடத்திற் கரப்பைக் குத்துவர். மீன் அகப்பட்டால் கம்புகளில் மோதும். அந்த அதிர்வு பிடித்த கைக்குத் தெரியும். பின்னர் மேல்வாய் வழியே கையை விட்டு மீனை எடுத்துப் பறியில் இடுவர். குஞ்சுகளோ கம்புகளின் இடைவெளியால் தப்பிவிடும்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் இத்தகைய கூடையை ஊத்தா என்பர். சிங்கள மக்கள் கரக என்பர். கம்போடியாவிலும் ஆபிரிக்காவிலுங்கூட இதன் உறவினங்கள் உண்டு.

இனி, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் கலைப்பட்டதாரி. ஆயினும் ஆசிரியர் பற்றாக்குறையால் விஞ்ஞானமும் கற்பித்தேன். மீன்கள் பூக்களாலேயே மூச்சு விடுகின்றன. நீரினின்று எடுத்தால் இறந்துவிடும் என்று ஒருநாள் பாடஞ் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "இல்ல சேர், சுங்கான் சாகாது. அது காத்துக் குடிக்க மேல வரும்" என்றான். அவன் குளத்திற்குப் போய்விட்டு அடிக்கடி பிந்தி வருபவன். "புத்தகத்தைப் படி, குளத்தைப் பார்த்துக்கொண்டிராதே" என்று கடிந்து, அவனை நிற்கவைத்தேன். வகுப்புச் சிரித்தது. அதன்பின் அவன் என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நூலிற் படித்தேன். சுங்கான், தமிழ்நாட்டிலே தேளி எனப்படுவது, செதிலற்ற கெளிற்றினத்து மீன். வாயைச் சுற்றி நான்கு சோடி மீசைகள் உண்டு. பூவறையிலிருந்து வால்நோக்கி நீண்டு செல்லும் இரு காற்றுப்பைகளும் அதற்கு உண்டு. நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கி, ஈரச்சேற்றிலும் அது உயிர் வாழும். யேர்மனிய அறிஞர் புளொக் 1794இல் இம்மீனை விஞ்ஞான உலகிற்கு விவரித்தார். அதற்கு ஆதாரமான மீன் தமிழ்மண்ணாகிய தரங்கம்பாடியிலிருந்து சென்றது. அவர் இட்ட இலத்தீன் பெயருக்குத் தோண்டியெடுக்கப்பட்டது என்பது பொருள். அச்சிறுவன் சொன்னது முழுவதும் உண்மை.

மார்புச் செட்டையின் முள்ளில் நஞ்சுண்டு என்பதும் அவன் அறிந்ததே. கரப்பினுள் அகப்பட்டது விராலா, சுங்கானா என்று மோதும் விதத்தைக்கொண்டே அவன் தந்தையார் சொல்லிவிடுவாராம். சுங்கானாயின், அம்முட்களுக்குப் பின்னே விரல்களை வைத்துப் பிடிப்பாராம். எந்தப் பாடநூல் இதனைக் கற்பிக்கும்?

இன்று நைலோன் வலை மலிவாய்க் கிடைக்கிறது. கண் நெருங்கிய வலை குஞ்சையும் விடாது. கரப்புக் கட்டுவோர் அருகிவருகின்றனர். கட்டுங் கை ஓய்ந்தால், இடைவெளி எவ்வளவு இருக்கவேண்டும் என்னும் அறிவும் அதனோடு போய்விடும்.

அவ்வூரில் வாங்கிய கரப்பொன்று என் அலுவலகத்திற் தொங்குகிறது. "கோழி மூடுற கூடையா, சேர்?" என்று காரைநகர்ப் பிள்ளைகள் கேட்கின்றனர். நான் அவர்களுக்குச் சுங்கானின் கதையைச் சொல்லுகிறேன். அச்சிறுவனை நிற்கவைத்ததையும் மறையாது சொல்லுகிறேன்.

நேயர்களே, உங்கள் ஊரிற் கரப்போ பறியோ கட்டத் தெரிந்த முதியவர் இருப்பின், ஒருநாள் அவரைப் பாடசாலைக்கு அழைத்து வாருங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், ஆசிரியர்களும் அருகிருந்து கேட்கட்டும்.